எத்தனை நாளாகக் காய்ச்சல்?

இலங்கை மலைநாட்டின் கொத்மலையில் விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறுகிறவர்களின் கையைப் பார்த்தாலே யார் எங்கே போகிறார்கள் என்று சொல்லிவிடலாம். சாப்பாட்டுப் பார்சல் இருந்தால் வேலைக்கு. கழுவித் துடைத்த வெறும் போத்தல் ஒன்றும், பிளாஸ்டிக் பைக்குள் மடித்து வைத்த கிளினிக் கொப்பியும் இருந்தால் ஆஸ்பத்திரிக்கு. தண்ணி மருந்து எழுதினால் வாங்கிவர போத்தல் வேண்டும். அதை மறந்து போனவர்கள் ஆஸ்பத்திரி வாசல் கடையில் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

தவலந்தென்னைப் பக்கம் இறங்கும் பஸ் ஒன்றில், பனிக்குத் தலையைச் சுற்றித் துவாய் கட்டிய ஒரு அக்காவும் பக்கத்து இருக்கைப் பெண்ணும் பேசிக்கொண்டார்கள்.

"என்னக்கா, இன்னைக்கு மலைக்குப் போகலையா?"

"எங்க போறது தங்கச்சி, காய்ச்சலு. ஓபிடிக்குப் போறேன். பேரு போச்சு."

தேயிலைத் தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தக் கடைசிச் சொல்லை விளக்க வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் பெயர் பதிந்து, மலைக்குப் போய், கொழுந்து எடுத்து நிறுத்துக் கொடுத்தால்தான் அன்றைக்குச் சம்பளம். அந்த ஒரு நாளைத்தான் தோட்டத்தில் 'பேர்' என்கிறார்கள். 2024 இல் அரசு அறிவித்த கணக்கில் ஒரு பேரின் அடிப்படைப் பெறுமதி 1350 ரூபாயாக இருந்தது. மருத்துவம் இலவசமான நாட்டில், ஓபிடி என்கிற வெளிநோயாளர் பிரிவுக்குப் போக அந்த அக்கா கொடுக்கும் விலை அந்தப் பேர். பஸ் காசு தனி.

வைத்தியசாலை என்றதும் நம் கண்முன் வருவது கட்டில்கள், சேலைன் போத்தல், அறுவைக்கூடம். ஆனால் இலங்கையின் அரசு வைத்தியசாலைகளில் ஆண்டுக்கு அறுபது, எழுபது லட்சம் பேர் வார்டில் அனுமதிக்கப்படும்போது, வெளிநோயாளர் பிரிவுகளுக்கு வரும் வருகைகள் ஐந்து கோடியைத் தாண்டுகின்றன. நாட்டின் சனத்தொகையோ சுமார் இரண்டு கோடியே இருபது லட்சம். குழந்தையையும் கிழவரையும் சேர்த்துக் கணக்கிட்டால், தலைக்கு ஆண்டுக்கு இரண்டு தடவைக்கு மேல் ஒவ்வொருவரும் அந்த நீள வாங்கில் உட்கார்ந்து எழும்புகிறார்கள்.

அந்த வாங்குக்கு வராதவர்கள் இன்னும் அதிகம். 1961 இல் கெர் வைட் என்ற அமெரிக்க மருத்துவரும் அவரது தோழர்களும் எளிமையான ஒரு கேள்வியைக் கேட்டார்கள். ஆயிரம் வளர்ந்தவர்களை எடுத்துக்கொண்டால், ஒரு மாதத்தில் அவர்களுக்கு என்ன நடக்கிறது? அமெரிக்க, பிரித்தானியத் தரவுகளை வைத்து அவர்கள் கண்ட விடை: 750 பேருக்கு ஏதோ ஒரு வருத்தமோ காயமோ வருகிறது, 250 பேர் மருத்துவரிடம் போகிறார்கள், 9 பேர் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுகிறார்கள், ஒரே ஒருவர் பெரிய பல்கலைக்கழக வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்கிறார். 2001 இல் அமெரிக்காவில் இதே கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தபோதும், நாற்பது ஆண்டுகளின் அத்தனை புதிய கருவிகளுக்கும் மருந்துகளுக்கும் பிறகு, படத்தின் வடிவம் பெரிதாக மாறவில்லை.

மருத்துவக் கல்லூரி பெரும்பாலும் அந்த ஒருவரையும் ஒன்பது பேரையும் காட்டித்தான் மாணவருக்குப் பாடம் நடத்துகிறது. ஓபிடி மேசையில் உட்காரும் இளம் டொக்டர் முன்னால் வந்து நிற்பதோ அந்த 250 பேர். இவர்களில் பலருக்கு எந்த மருந்தும் இல்லாமலே குணமாகிவிடும். சிலருக்கு இன்றைக்கு ஒன்றும் தெரியாது, நாளை மறுநாள் உயிர் போகலாம். இரு வகையினரும் ஒரே மாதிரித்தான் இருமுவார்கள், ஒரே மாதிரித்தான் "உடம்பெல்லாம் உளையுது" என்பார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க டொக்டரிடம் ஸ்டெதஸ்கோப்பும், சிறிது நேரமும், ஒரு கேள்வியும் இருக்கின்றன.

அந்தக் கேள்வி: எத்தனை நாளாக?

வார்டில் இருக்கும் நோயாளியை நான்கு மணிக்கொரு தடவை பார்க்கலாம். காய்ச்சல் ஏறுகிறதா, சிறுநீர் குறைகிறதா, நாடி எப்படி என்று தாதி எழுதிக்கொண்டே இருப்பார். ஓபிடியில் அந்த வசதி கிடையாது. நோயாளி தெரிவது ஒரு ஜன்னல் திறந்து மூடுகிற நேரம் மட்டும். அதனால் அங்கே கடந்துபோன நாட்களையே ஒரு பரிசோதனையாக எடுத்துக்கொள்கிறார்கள். இரத்தப் பரிசோதனை இயந்திரம் இல்லாத ஊரிலும் இந்தப் பரிசோதனையைச் செய்யலாம்.

டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் அது மற்ற வைரஸ் காய்ச்சல்களைப் போலத்தான் இருக்கும். மூன்றாம் நாளை ஒட்டி இரத்தத் தட்டுகள் இறங்கத் தொடங்குகின்றன. அதன்பிறகு, பல சமயம் காய்ச்சல் விட்டு "அப்பாடா" என்று மூச்சு விடும் நேரத்தில்தான், இரத்த நாளங்களின் சுவர் கசிந்து நீர்ப்பகுதி வெளியேறுகிறது. ஆபத்தான கட்டம் அதுதான். முதல் நாளே இரத்தம் எடுத்துத் தட்டுகளை எண்ணிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோல் காட்டும். மூன்றாம் நாள் பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் அப்படித்தான், தோலில் தடிப்பு தெரிய சில நாள் போக வேண்டும். இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதித்துக் காசநோய் உண்டா என்று பார்க்க வேண்டும். நாலு நாள் இருமலுக்கு அது தேவையில்லை. பிரஷர் ஒருநாள் கூடியிருந்தால் அது பிரஷர் வருத்தம் ஆகிவிடாது. மலை ஏறி வந்த மூச்சிரைப்பு, வரிசையில் நின்ற பதற்றம், வெள்ளைக் கோட்டைக் கண்ட பயம் எல்லாம் அந்த எண்ணில் சேர்ந்திருக்கும். வேறு வேறு நாட்களில் அளந்து, அப்போதும் கூடியிருந்தால்தான் மருந்து.

கொத்மலை டொக்டர் இன்னொன்றும் கேட்க வேண்டும்: கீழே எங்காவது போய்வந்தீர்களா? கொத்மலை நீர்த்தேக்கத்தின் கரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 700 மீற்றரில் இருக்கிறது. நுவரெலியா நகரமோ 1800 மீற்றருக்கு மேலே. குளிர் கூடக் கூட டெங்கு நுளம்புக்கு வாழ்வு கடினம். லபுக்கலைப் பக்கத்துக் குளிரில் வாழ்கிற ஒருவருக்கு டெங்கு வந்தால், கொழும்பில் கடை வேலை பார்க்கிற மகனைப் பார்த்துவந்த கதை பின்னால் இருக்கலாம். மேசையில் உட்கார்ந்து கேட்கிற இந்த இரண்டு கேள்விகளின் பெறுமதி, சில சமயம் ஒரு ஆய்வுகூடத்தின் பெறுமதிக்குச் சமம்.

கட்டில் இல்லாமல் எவ்வளவு தூரம் மருத்துவம் செய்ய முடியும் என்பதற்கு உலகுக்கே விடை சொன்ன ஆய்வு ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. 1956 இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மதராஸ் அரசு ஆகியவை சேர்ந்து நடத்திய அந்த நிலையத்துக்கு வாலஸ் ஃபாக்ஸ் தலைமை தாங்கினார். அன்றைக்குக் காசநோய் என்றால் சானட்டோரியம். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் கட்டிலில் ஓய்வு. ஏழை நாடுகளில் அத்தனை கட்டிலுக்கு எங்கே போவது? நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் சானட்டோரியத்துக்குப் போனார்கள். மற்றவர்கள் சென்னையின் நெருக்கமான குடியிருப்புகளில், அதே ஒற்றை அறையில், அதே பற்றாக்குறைச் சாப்பாட்டோடு இருந்துகொண்டு, நிலையத்துக்கு வந்து மருந்து வாங்கிப்போய் விழுங்கினார்கள். இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்.

1959 இல் முடிவு வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்திருந்தார்கள். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் தொற்றிய அளவும் கூடவில்லை. தொற்றுப் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கும் முன்பே நடந்து முடிந்திருந்தது. உலகெங்கும் சானட்டோரியங்கள் மூடப்பட்டதற்குச் சேத்துப்பட்டு ஆய்வு ஒரு பெரிய காரணம். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு ஆய்வைத்தான் நினைவில் வைத்திருப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும் என்று விரும்புகிறேன். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டின் ஓர் அறையில் ஏழு பேர் படுத்துறங்கும் ஒரு குடும்பத்துக்கு நம்பிக்கை தரும் விஞ்ஞானம் அது.

ஆனால் அந்த ஆய்வில் இன்னொரு பாடமும் இருந்தது, அது குறைவாகவே பேசப்படுகிறது. வீட்டுச் சிகிச்சை வெற்றிபெற நோயாளி திரும்பத் திரும்ப வர வேண்டும். வராவிட்டால் நிலையத்திலிருந்து ஆள் வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தார்கள். கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைத்தது வருகையைத்தான். அந்த வருகையின் வழியில் எது குறுக்கே நிற்கிறது என்று பார்ப்பதும் மருத்துவ விஞ்ஞானத்தின் வேலை என்றே நான் நினைக்கிறேன்.

குறுக்கே நிற்பவற்றில் முதலாவது வரிசை. இதற்கும் கணிதம் உண்டு. 1909 இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்பவர், அழைப்புகள் எப்படி வந்து குவிகின்றன என்று ஆராய்ந்து தொடங்கி வைத்த கணக்கு அது. ஒரு டொக்டர் ஒரு நோயாளிக்குச் சராசரி மூன்று நிமிடம் செலவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 பேரைப் பார்க்கலாம். நோயாளிகள் முன்பின்னாக, மணிக்குச் சராசரி 16 பேர் வந்தால், ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போக ஏறத்தாழ 15 நிமிடம் எடுக்கும். 18 பேர் வந்தால்? 30 நிமிடம். 19 பேர் வந்தால் ஒரு மணித்தியாலம். பதினாறுக்கும் பத்தொன்பதுக்கும் இடையில் மூன்று பேர்தான் வித்தியாசம், எடுக்கும் நேரமோ நான்கு மடங்கு. டொக்டரின் நேரம் துளியும் வீணாகாமல் நிரம்ப நிரம்ப, வரிசை எங்கோ போய்விடுகிறது. யாரும் சோம்பேறியாக இல்லாத இடத்திலும் கூட்டம் கட்டுக்கடங்காமல் போவது இப்படித்தான்.

மலைநாட்டில் இதோடு பஸ்ஸும் சேர்கிறது. எர்லாங்கின் அழைப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. பூண்டுலோயா, ரம்பொடைப் பக்கத்து நோயாளிகள் பஸ்ஸோடு வருகிறார்கள். ஒரே பஸ்ஸிலிருந்து முப்பது பேர் இறங்கி ஓடினால், கடைசியாக நம்பர் எடுத்தவர் 87 நிமிடம் நிற்க வேண்டும். கால் வேகமாக நடக்கிறவருக்கு முன் நம்பர், முழங்கால் வலிக்கிறவருக்குப் பின் நம்பர். வருத்தம் கூடியவர் கூடுதலாகக் காத்திருக்கும்படியான ஒரு ஏற்பாடு, யாரும் திட்டமிடாமல் தானாக அமைந்துவிடுகிறது.

1952 இல் நோர்மன் பெய்லி என்ற பிரித்தானியப் புள்ளியியலாளர் வெளிநோயாளர் பிரிவுகளின் வரிசையை ஆராய்ந்தார். எல்லோரையும் காலையிலேயே வரச் சொல்வது டொக்டரின் சில நிமிடங்களைக் காப்பாற்ற நோயாளிகளின் பல மணித்தியாலங்களைச் செலவழிப்பது என்று கணக்கோடு காட்டினார். அவர் சொன்ன வழி எளிது: தொடக்கத்தில் இரண்டு பேரை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவர்களுக்குச் சராசரி நேர இடைவெளியில் ஒவ்வொருவராக நேரம் கொடுங்கள். கொத்மலையில் காய்ச்சலுக்கு நேரம் குறித்துக் கொடுக்க முடியாதுதான். மாதாந்தக் கிளினிக்குக்கு முடியும். இந்தத் தோட்டத்தாருக்கு ஒரு நேரம், அந்தத் தோட்டத்தாருக்கு ஒரு நேரம் என்று பஸ் நேரத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். 2020 இல் கொரோனா ஊரடங்கின்போது கிளினிக் குளிசைகள் தபால் வழியாக வீடுகளுக்கே போயின. அதே பிரஷர் குளிசைக்காக ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு பேரை இழந்துதான் ஆக வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த மாதங்கள் விடை வைத்திருக்கின்றன.

ஒரு பேர் என்பது பெரிய தொகையா? 1951 இல் இலங்கை அரசு வைத்தியசாலைகளில் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1971 இல், ஓபிடிக்கு வரும் ஒவ்வொருவரும் 25 சதம் கட்ட வேண்டும் என்று ஒரு சிறு கட்டணம் வந்தது. அன்றைய நிலையிலும் அது சில்லறைதான். ஆனாலும் ஓபிடி வருகைகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு விழுந்தன. 1977 இல் அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். வீண் வருகைகள்தானே குறைந்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். நோயாளி தன் வருத்தம் வீணானதா என்று கண்டுகொள்ளத்தான் ஓபிடிக்கே வருகிறார். இரண்டாம் நாள் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்குத் தனக்கு வந்திருப்பது எது என்று எப்படித் தெரியும்? 25 சதமே அவ்வளவு பேரைத் தடுத்ததென்றால், 1350 ரூபாய் எத்தனை பேரை லயத்திலேயே படுக்க வைத்திருக்கும் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் பழையது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கு 1872 இலேயே தனிச் சட்டம் வந்தது, 1912 இல் அது புதுப்பிக்கப்பட்டது. பொறுப்புத் தோட்டத்தின் தலையில் வைக்கப்பட்டது. அதனால் தோட்டத்துக்குள் டிஸ்பென்சரி வந்தது. பிற்பாடு தோட்ட வைத்திய உதவியாளர் என்று பெயர் பெற்றவரைத் தொழிலாளர்கள் 'டொக்டர் ஐயா' என்றே அழைத்தார்கள். 1948 இன் குடியுரிமைச் சட்டம் இந்த மக்களை நாடற்றவர்களாக்கியது. நாடெங்கும் இலவச அரசு வைத்தியசாலைகள் பெருகிய அதே ஆண்டுகளில், தோட்டம் தன் டிஸ்பென்சரியோடு தனியே நின்றது. தோட்ட மருத்துவமனைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியது 1990 களில்தான். இந்த வரலாற்றில் எனக்கு ஒரு கோபமும் ஒரு ஆதங்கமும் உண்டு. கோபம், பொறுப்பு இவ்வளவு காலம் ஒதுக்கி வைக்கப்பட்டதற்காக. ஆதங்கம் வேறு: நடந்து போகும் தூரத்தில் ஒரு மருந்து ஜன்னல் இருக்க வேண்டும் என்ற நல்ல யோசனை அந்தப் பழைய ஏற்பாட்டுக்குள் இருந்தது. அதை முறையாகப் படித்த டொக்டரும் மருந்தும் வைத்து வளர்த்திருக்கலாம்.

வரிசை முடிந்து உள்ளே போன பிறகு வருகிற தடை மொழி. 2017 இல் வெளியான ஒரு ஆய்வு 67 நாடுகளில் டொக்டர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் நேரத்தைத் தொகுத்தது: சுவீடனில் 22.5 நிமிடம், வங்காளதேசத்தில் 48 விநாடி. மலைநாட்டு ஓபிடியில் கூட்டம் கூடிய காலையில் கிடைக்கும் நேரம் இந்த இரண்டாவது முனைக்குத்தான் கிட்ட. அந்தச் சில விநாடியிலும் பாதி, மொழி தேடுவதில் போய்விடுகிறது.

"உண தவஸ் கீயத, அம்மே?" டொக்டர் சிங்களத்தில் கேட்பது அதே கேள்வியைத்தான்: எத்தனை நாளாகக் காய்ச்சல், அம்மா?

பஸ்ஸில் பார்த்த அந்த அக்காவைப் போன்ற ஒருவர் இதற்கு என்ன சொல்வார்? "சம்பளத்தன்னிக்கு ராத்திரி புடிச்சது டொக்டர்." தோட்டத்தில் பத்தாம் திகதி சம்பளம், நாட்கள் அதிலிருந்துதான் எண்ணப்படுகின்றன. பின்னால் நிற்கும் பையன் ஒருவன் சிங்களத்தில் "தஹயவெனிதா" என்று சொல்லி உதவினால், டொக்டர் விரல்விட்டு எண்ணுவார்: இன்று பன்னிரண்டு, நாளைக்கு மூன்றாம் நாள். அந்தப் பையன் இல்லாவிட்டால்? அத்தனை விஞ்ஞானமும் தங்கியிருந்த அந்த ஒற்றை எண் காற்றில் போய்விடும்.

கடைசியில் மருந்து ஜன்னல். சிறு கடதாசி உறையில் குளிசை, அதன்மேல் பேனாவால் கீறிய சில எழுத்து. இரத்தம் குறைந்த பெண்களுக்கு இரும்புச்சத்துக் குளிசை கொடுப்பது இங்கே மிகச் சாதாரணம். அதை விழுங்க எது கைக்கு வரும்? பிளேன்டீதான். தேயிலையில் உள்ள பொலிபீனோல் சேர்மங்கள் குடலுக்குள் இரும்போடு ஒட்டிக்கொண்டு, குளிசையிலும் கீரையிலும் இருக்கிற வகை இரும்பின் கணிசமான பகுதியை உடம்பு உறிஞ்ச விடாமல் தடுக்கின்றன. காலமெல்லாம் கொழுந்து பறித்தவரின் கையிலுள்ள கோப்பை, அவருடைய மருந்தையே முறிக்கிறது. "இதைத் தண்ணியோட குடிங்கம்மா, தேத்தண்ணி ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடிங்க." ஐந்து விநாடிக்குள் சொல்லிவிடலாம். தமிழில் சொல்ல ஆள் வேண்டும். சொல்லாவிட்டால் ஆறு மாதக் குளிசையும் ஆறு பேரும் வீணாகலாம். அடுத்த தடவை டொக்டர் "ஒழுங்காகக் குளிசை போடுவதில்லை" என்று கொப்பியில் எழுதுவார்.

காய்ச்சல்காரருக்கும் அப்படி ஒரு வாக்கியம் உண்டு. பரசிட்டமோல் மட்டும் போடுங்கள், உடம்பு உளைவுக்குக் கடையில் புரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், டெங்குவாக இருந்தால் அது இரத்தக் கசிவை மோசமாக்கும், கஞ்சித் தண்ணி நிறையக் குடியுங்கள், காய்ச்சல் விட்டாலும் நாளைக்கு இரத்தம் பார்க்க வாருங்கள். வார்டின் இருபத்து நான்கு மணித்தியாலக் கண்காணிப்பை ஓபிடி இந்த ஒரு வாக்கியத்துக்குள் மடித்து நோயாளியின் கையில் கொடுத்தனுப்புகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் மலைநாட்டுப் பாதைகள் மண்சரிவில் அறுந்து கிடந்தபோது, அந்த வாக்கியமும் மாதக் குளிசையும் மட்டும்தான் எத்தனையோ பேரிடம் மிச்சமிருந்த ஆஸ்பத்திரி.

பகல் பஸ்ஸில் அந்த அக்கா திரும்பி வந்தார். போத்தல் இன்னும் வெறுமையாகத்தான் இருந்தது. தண்ணி மருந்து எழுதவில்லை. துவாயை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, கடதாசி உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரம்பொடை வளைவுகள் வந்ததும் கண்ணை மூடினார். இறங்கும்போது கொண்டக்டர் பையனிடம் கேட்டார்:

"தம்பி, நாளைக்கும் காலையில இந்த நேரத்துக்குத்தானே பஸ்ஸு?"